முதல் பாக்ஸிங் போட்டி: ரிங்கில் ஏறத் தயார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

அதிராம்பட்டினத்தில் சாயங்காலம் மைதானத்தில் கூட்டம் சேர்ந்தால் அது பெரும்பாலும் கால்பந்துக்கோ கிரிக்கெட்டுக்கோதான். குத்துச்சண்டை என்றதும் ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி என வடசென்னைதான் நினைவுக்கு வரும். 1994 பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்று அர்ஜுனா விருது பெற்ற தேவராஜனும் சென்னைக்காரர்தான். ஆனால் 'சார்பட்டா பரம்பரை' பார்த்துவிட்டு, ஜிம்மில் ஆறு மாதம் பஞ்ச் பேக் குத்திவிட்டு, "ஒரு மேட்ச் இறங்கிப் பார்க்கலாமே" என்ற ஆசை டெல்டா இளைஞருக்கும் வரும். வந்தால், எதை வைத்து முடிவு செய்வது?

"எத்தனை மாசம் பயிற்சி வேணும்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு ஒரே பதில் கிடையாது. தைரியமும் அளவுகோல் இல்லை. பயமே இல்லாதவர்தான் பல நேரம் கையைக் கீழே விட்டுவிட்டு முன்னால் பாய்ந்து அடி வாங்குவார்.

மொத்தம் 9 நிமிடம்

அமெச்சூர் குத்துச்சண்டையில் பெரியவர்களுக்கு 3 சுற்று, சுற்றுக்கு 3 நிமிடம், நடுவே 1 நிமிடம் ஓய்வு. கேட்க சின்ன விஷயமாகத் தெரியும். பஞ்ச் பேக் திருப்பி அடிக்காது என்பதால் அதன் முன்னால் 9 நிமிடம் நிற்பதும் எளிது. எதிரில் ஆள் நிற்கும்போது பதற்றத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு குத்துபவருக்கு இரண்டாவது சுற்றிலேயே கை பாரமாகிவிடும். ஆண்களுக்கான சர்வதேசப் போட்டிகளில் 2013 முதல் தலைக்கவசமும் இல்லை. ஆனால் பயிற்சியில் தலைக்கவசம் போட்டுத்தான் பழகியிருப்பார்கள்.

அதனால் பயிற்சியாளர்கள் பார்ப்பது ஸ்பாரிங்கைத்தான். பலர் செய்யும் ஒரு சோதனை உண்டு: ஒவ்வொரு சுற்றுக்கும் களைப்பில்லாத புது ஆளை எதிரே நிறுத்துவது. குத்து வரும்போது கண்ணை மூடுகிறாரா? முகத்தைத் திருப்பி முதுகைக் காட்டுகிறாரா? அடி பட்டதும் கோபத்தில் கண்மூடித்தனமாக வீசுகிறாரா, இல்லை கையை உயர்த்தி, நகர்ந்து, ஜாப் போட்டு ஆட்டத்துக்குத் திரும்புகிறாரா? மூன்றாவது சுற்றின் கடைசி நிமிடத்திலும் கை தாடைக்குப் பக்கத்தில் இருக்கிறதா? இதில் பாஸ் ஆகாதவர் போட்டிக்குப் பெயர் கொடுக்கக் கூடாது.

சின்ன ஊர்க்காரர்களுக்கு இங்கேதான் சிக்கல். ஒரே இரண்டு, மூன்று பேரோடு மட்டுமே மோதிப் பழகியவருக்கு அவர்களுடைய வலது கை எப்போது வரும் என்பது அத்துபடி. தெரிந்த ஆளை சமாளிப்பதையே திறமை என்று நினைத்துவிடுவார். இடது கைக்காரர் ஒருவர் எதிரே வந்தால் எல்லாம் தலைகீழ். போட்டிக்கு முன் தஞ்சாவூர், திருச்சி பக்கம் போய், பயிற்சியாளர் முன்னிலையில் அறிமுகமில்லாதவர்களோடு சில நாள் ஸ்பாரிங் செய்துவிட்டு வருவது பஸ் காசுக்கு மேல் பலன் தரும்.

எடை குறைக்கலாமா?

முதல் போட்டிக்கு வேண்டவே வேண்டாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் 100 கிராம் கூடுதல் எடையால் மல்யுத்த இறுதிப்போட்டியை இழந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அனுபவசாலிக்கே அந்த நிலை. தண்ணீர் குடிக்காமல் வியர்க்க ஓடி இரண்டு கிலோ குறைத்தவர், எடை பார்த்த சில மணி நேரத்தில் ரிங்கில் ஏற வேண்டியிருக்கும். உடலில் நீர் குறைந்த நிலையில் தலையில் அடி வாங்குவது ஆபத்து. நோன்பு மாதத்தில் போட்டி வந்தால் அடுத்ததைப் பார்த்துக்கொள்வதே நல்லது. சாதாரணமாக இருக்கும் எடை எந்தப் பிரிவில் வருகிறதோ, அந்தப் பிரிவில் இறங்கினால் போதும்.

போட்டி நடத்துபவரிடம் கேட்க வேண்டியது

எதிராளி இதுவரை எத்தனை போட்டி ஆடியிருக்கிறார்? எடையும் வயதும் ஒன்றாக இருந்தாலும், 20 போட்டி ஆடியவரோடு முதல் முறை இறங்குபவரை மோதவிடுவது நியாயமில்லை. ரிங் பக்கத்தில் டாக்டர் இருப்பாரா, ஆம்புலன்ஸ் நிற்குமா? இதைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை. 2022 ஆகஸ்டில் சென்னையில் நடந்த தேசிய கிக் பாக்ஸிங் போட்டியில் தலையில் காயமடைந்த அருணாச்சலப் பிரதேச வீரர் ஒருவர் மருத்துவமனையில் உயிரிழந்தார். அது வேறு விளையாட்டு, ஆனால் தலைக்கு விழும் அடி ஒன்றுதான். பெரிய மருத்துவமனைகள் உள்ள சென்னையிலேயே இப்படி நடந்தது. அதிராம்பட்டினத்தில் இருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பட்டுக்கோட்டை வழியாகச் சுமார் 60 கி.மீ. போக வேண்டும்.

சமீபத்தில் ஸ்பாரிங்கில் தலையில் அடிபட்டு தலைவலி, வாந்தி, மயக்கம், வெளிச்சம் பார்த்தால் கண் கூச்சம் என ஏதாவது இருந்தால் போட்டி பற்றிய பேச்சே கிடையாது. "ஒரு சோடா குடிச்சா சரியாகிடும்" என்று மறைத்துவிட்டு மருத்துவப் பரிசோதனையில் பொய் சொல்பவர்கள் உண்டு. முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து, அதிலும் இளம் வயதினருக்கு அதிகம். தலையில் அடிபட்டுப் போட்டி நிறுத்தப்பட்டால் குறைந்தது 30 நாள் ரிங்கில் ஏறக் கூடாது என்று சர்வதேச விதிகளே சொல்கின்றன. பயிற்சியில் பட்ட அடிக்கும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஓய்வுதான்.

மற்றதெல்லாம் கடையில் வாங்கும் சமாச்சாரம்: பல்லுக்கு அளவெடுத்த கம் ஷீல்டு, கையில் சுற்றும் துணி, ஆண்களுக்கு இடுப்புக் கவசம். கடைசி வார்த்தை பயிற்சியாளருடையது. ஆட்டத்தின் நடுவே துண்டை வீசி நிறுத்தும் உரிமையும் அவருக்கு உண்டு. அவர் "இப்போ வேணாம், அடுத்த தடவை பார்க்கலாம்" என்றால், பெயர் கொடுத்த பிறகும் விலகிக்கொள்ளலாம்.