36 அங்குலம், மூணு நம்பர்

அமெரிக்காவில இருக்கிற அக்கா, அவங்க ஊர் தையல் குழு நடத்தின போட்டியில ஜெயிச்சுட்டா. பரிசு பணமோ கோப்பையோ இல்லை. 'பழைய பாணி' பேட்டர்ன் மூணு, பிடிச்சதை எடுத்துக்கலாம். பேட்டர்ன்னா, துணி மேல வச்சு வெட்டறதுக்கான மெல்லிய வெட்டுத்தாள். முன்பக்கம், முதுகு, கைன்னு தனித்தனியா ஒரு உறைக்குள்ள மடிச்சு வரும்.

ஆசையா தேட ஆரம்பிச்சவ ராத்திரி போன்ல ஒரே புலம்பல். "கடையில ரெடிமேட் வாங்கினா நான் சைஸ் 8. இந்த 1950 பேட்டர்ன் உறையில என் அளவுக்கு நேரா 18-ன்னு போட்டிருக்குடா! அவ்வளவு குண்டாவா ஆயிட்டேன்?"

அக்கா குண்டாகலை. குழப்பம் அந்த நம்பர்ல. நமக்குத்தான் வெர்ஷன் நம்பர்னா விடாதே, நோண்டிப் பார்த்தேன். சுவாரசியமான சரித்திரம் கிடைச்சது, அதான் இந்தப் பதிவு.

ஐசக் சிங்கர் தையல் மிஷினுக்கு காப்புரிமை வாங்கினது 1851-ல. அடுத்த சில வருஷத்துல தவணை முறையில வீடுகளுக்குள்ள மிஷின் வர ஆரம்பிச்சுடுச்சு. தைக்கறது சுலபமாச்சு. ஆனா வெட்டறது? அது டெய்லரோட தொழில் ரகசியமாவே இருந்தது. பத்திரிகைகள் சின்னச் சின்ன வரைபடம் போட்டாங்க. 1860 வாக்குல நியூயார்க்கில எல்லன் டெமரெஸ்ட்டும் அவர் கணவரும் காகித பேட்டர்ன் விற்க ஆரம்பிச்சாங்க. எல்லாம் ஒரே அளவு. உங்க உடம்புக்கு ஏத்த மாதிரி பெருசாக்கறதும் சின்னதாக்கறதும் உங்க சாமர்த்தியம்.

1863-ல மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்டெர்லிங் ஊர்ல எபனேசர் பட்டரிக்-னு ஒரு டெய்லர். பையனுக்கு துணி தைக்க உட்கார்ந்த அவர் மனைவி எல்லன், ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி பேட்டர்ன் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு சொன்னதா கதை. பட்டரிக் அதைச் செஞ்சார். முதல்ல கெட்டித் தாள், அப்புறம் தபால்ல மடிச்சு அனுப்ப வசதியா மெல்லிய டிஷ்யூ தாள். நம்ம பாஷையில சொன்னா, ஹார்ட்கோட் பண்ணியிருந்ததை பாராமீட்டர் ஆக்கினார், சோர்ஸ் கோடையும் வெளிய விட்டார் :-) சில வருஷத்திலேயே லட்சக்கணக்கில வித்துது. நகரத்து டெய்லர்கிட்ட போக வசதியில்லாத கிராமத்துப் பெண்ணும் அதே கவுனைத் தைக்க முடிஞ்சது. எனக்கு இது பெரிய விஷயமா படுது.

சரி, நம்பர் எங்கேர்ந்து வந்தது? ஆரம்பத்துல பெரியவங்களுக்கு மார்பளவு, சின்னப் பொண்ணுங்களுக்கு வயசு. சைஸ் 14-ன்னா பதினாலு வயசுப் பொண்ணுக்கு! நாளடைவில வயசு போச்சு, நம்பர் மட்டும் ஒட்டிக்கிட்டு நின்னுடுச்சு.

அந்த நம்பரும் நிலையா இல்லை. மார்பளவு 36 அங்குலம்னு வச்சுக்கங்க. 1930-கள்லேர்ந்து 1950-களின் நடுப்பகுதி வரைக்கும் பேட்டர்ன் உறையில அது சைஸ் 18. 1956-ஐ ஒட்டி 16 ஆச்சு. 1968-லேர்ந்து 14. அதே உடம்பு, அதே டேப், மூணு நம்பர்! ரெடிமேட் கம்பெனிகள் வாடிக்கையாளரைக் குளிர வைக்க நம்பரை இன்னும் கீழ இறக்கிக்கிட்டே போனாங்க. அதனாலதான் கடையில 8.

நடுவுல அரசாங்கமும் இதை ஒழுங்குபடுத்தப் பார்த்தது. 1939-40-ல அமெரிக்க விவசாயத் துறை (ஆமா, விவசாயத் துறைதான்!) சுமார் 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருத்தருக்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட அளவுகள். ஆனா கடைசிக் கணக்கில சேர்த்தது வெள்ளைக்காரப் பெண்களோட அளவை மட்டும்தான். அந்தப் புள்ளிவிவரத்தை வச்சு 1958-ல ஒரு தேசிய அளவுத் தரம் வந்தது. 1983-ல அதை வாபஸ் வாங்கிட்டாங்க. ஆக, "உனக்கு இந்த சைஸ் பொருந்தலையே"ன்னு உறை சொன்னா, தப்பு உடம்பு மேல இல்லை. அந்த அட்டவணை யாரை அளந்து போட்டது? அதைத்தான் கேட்கணும்.

நம்ம ஊர் டெய்லர் நம்பரே கேக்க மாட்டார். "அளவு ஜாக்கெட் கொண்டாங்கம்மா"ம்பார். அவ்வளவுதான்.

சரி, அக்கா மாதிரி தேர்ந்தெடுக்க உட்கார்றவங்களுக்கு நான் புரிஞ்சுக்கிட்டது:

முதல்ல, சைஸ் நம்பரை மறந்துடுங்க. உறையில மார்பு, இடுப்பு அளவு அங்குலத்துல இருக்கும். டேப் எடுத்து அளந்து அதோட ஒப்பிடுங்க.

ரெண்டாவது, வருஷத்தைப் பாருங்க. அதுல துணியோட கணக்கு இருக்கு. போர்க்காலத்துல, 1942-ல, எல்-85ன்னு ஒரு ஆணை போட்டு பாவாடையோட நீளத்தையும் அகலத்தையும் அமெரிக்க அரசு கட்டுப்படுத்தியது. பிரிட்டன்ல 1941-லேர்ந்து துணிக்கு கூப்பன். அதனால அந்தக் காலத்து டிசைன் ஒடுக்கமா, சிக்கனமா இருக்கும். 1947-ல பாரீஸ்ல கிறிஸ்டியன் டியோர் ஒடுங்கின இடுப்பும் குடை மாதிரி விரியற பாவாடையுமா ஒரு தொகுப்பு காட்டினதும் எல்லாம் தலைகீழ். 1950-கள் டிசைன் எடுத்தா துணி நிறைய வாங்கணும். அந்த இடுப்பும் உள்ளே இறுக்கமான உள்ளாடை போட்டு சிறுசாக்கின இடுப்பு. அதையும் கணக்குல வச்சுக்கங்க.

மூணாவது, அசலா மறுபதிப்பான்னு பாருங்க. மறுபதிப்புல இன்றைய பேட்டர்ன் அளவு அட்டவணை இருக்கும், ஒரே தாள்ல பல அளவும் அச்சிட்டிருக்கும். அசல்ல ஒரே அளவுதான். அதிலும் ரொம்பப் பழசுன்னா தாள்ல எழுத்தே இருக்காது, வெறும் ஓட்டைகள்தான். பெரிய ஓட்டைக்கு ஒரு அர்த்தம், சின்ன ஓட்டைக்கு ஒரு அர்த்தம். பஞ்ச் கார்டு ஞாபகம் வருதா? மெக்கால் கம்பெனி 1920-கள் வாக்குல அச்சடிக்க ஆரம்பிச்சும், 1950-கள் வரைக்கும் ஓட்டைத்தாள் வித்தவங்க உண்டு.

அசல் கிடைக்கறதே அதிசயம். வெட்டித் தச்சு, கிழிஞ்சதும் குப்பைக்குப் போற தாள் இது. வோக் தன் பழைய டிசைன்களை மறுபதிப்பு செய்யக் கிளம்பினப்போ, வாசகர்களோட பரண்ல இருந்த பிரதிகளைக் கடன் கேட்டது. கம்பெனிகிட்டயே பேக்கப் இல்லைங்க! இன்னிக்கு ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்துல ஒரு பேட்டர்ன் காப்பகம் இருக்குன்னா, அதுக்குப் பின்னாடி ஜாய் எமரி அம்மையாரோட பல வருஷ உழைப்பு இருக்கு. ராஜாக்களோட பட்டாடை எப்படியும் அருங்காட்சியகத்துக்குப் போயிடும். சாதாரண வீட்டுப் பெண்கள் என்ன உடுத்தினாங்கங்கறதுக்கு சாட்சி இந்தத் தாள்கள்தான்.

கொசுறு: பட்டரிக் 1952-ல விட்ட 'வாக்-அவே' கவுன் ரொம்பப் பிரபலம். காலை டிபன் முடிச்சு தைக்க உட்கார்ந்தா, மதியச் சாப்பாட்டுக்கு அதைப் போட்டுக்கிட்டே போகலாம்னு பேச்சு. இதுவும் மறுபதிப்பு வந்திருக்கு. நமக்கு ஒரு பட்டன் தைக்கவே மதியம் ஆயிடும், அதனால ஆராய்ச்சியோட நிறுத்திக்கறேன் :-)