மம்மியோடு மோதிய மல்யுத்த ராணிகள்!

திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, வராக நதிக் கரையில் திருவக்கரை என்று ஓர் ஊர். சுமார் இரண்டு கோடி வருஷங்களுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கிற கல்மரப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. ஆனால், பௌர்ணமி ராத்திரியில் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிற ஜனம் கல்மரத்தைப் பார்க்க வருவதில்லை. வக்கிரகாளியம்மனைத் தரிசிக்க வருகிறது!

காளியின் தலபுராணம் கொஞ்சம் பயங்கரமானது. வக்கிராசுரனைத் திருமால் வதம் செய்துவிடுகிறார். மிச்சம் இருப்பவள் அவன் தங்கை துன்முகி. அண்ணனுக்குச் சற்றும் சளைக்காத அரக்கி. அவளை ஒடுக்கக் கிளம்பியவள் காளி. துன்முகியோ கர்ப்பிணி. சிசு என்ன பாவம் செய்தது? அதனால் அதை முதலில் வெளியே எடுத்துத் தன் காதில் குண்டலமாக மாட்டிக்கொண்டு, அப்புறம்தான் அரக்கியைக் கொன்றாளாம் காளி.

எதிரில் நிற்பது அசுரனோ அரக்கியோ, ஒரு பெண் வரிந்து கட்டிக்கொண்டு மோதக் கிளம்பினால் பார்க்கிறவர்களுக்குச் சிலிர்க்கிறது. இந்தச் சிலிர்ப்பு நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். பூமியின் அந்தப் பக்கம், மெக்சிகோவில், 1960களில் இதை வைத்தே சினிமாக்காரர்கள் கல்லா கட்டினார்கள்.

மெக்சிகோக்காரர்களுக்கு மல்யுத்தம் என்றால் உயிர். 'லூச்சா லீப்ரே' என்று பெயர். 1933ல் சால்வதோர் லுத்தெரோத் என்பவர் ஒரு கம்பெனி ஆரம்பித்து, இதைப் பெரிய வியாபாரமாக்கினார். வீரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு களத்தில் குதிப்பார்கள். தோற்றவன் முகமூடியைக் கழற்ற வேண்டி வந்தால், அதைவிட அவமானம் கிடையாது. 'எல் சாந்தோ' என்ற வெள்ளி முகமூடி வீரர்தான் அங்கே சூப்பர் ஸ்டார். நம்மூர் ஹீரோ வில்லனைப் பந்தாடுவார் என்றால், சாந்தோ ரத்தக் காட்டேரிகளையே பந்தாடினார். ஐம்பது படங்களுக்கு மேல் நடித்தார். 1984ல் அவர் இறந்தபோது முகமூடியோடுதான் அடக்கம் செய்தார்கள்!

ஆம்பிளை மோதினாலே இவ்வளவு கூட்டம் என்றால், பெண்கள் மோதினால்? 1963ல் ரெனே கார்டோனா என்ற இயக்குநர் ஒரு படம் எடுத்தார். தலைப்பே கதையைச் சொல்லிவிடும்: 'கொலைகார டாக்டருக்கு எதிராக மல்யுத்தப் பெண்கள்'. பெண்களைக் கடத்திக்கொண்டு போய் மூளை மாற்று ஆபரேஷன் செய்து பார்க்கிறான் ஒரு கிறுக்கு டாக்டர். மல்யுத்த வீராங்கனையான கதாநாயகியின் தங்கையும் அவனுக்குப் பலியாகிறாள். சும்மா விடுவாளா அக்கா? தோழியைச் சேர்த்துக்கொண்டு டாக்டரை வேட்டையாடுகிறாள். அக்காவாக லொரேனா வெலாஸ்கஸ், தோழியாக எலிசபெத் காம்ப்பெல்.

படம் ஓடியது. விடுவார்களா? அடுத்த வருஷமே அதே ஜோடி, அதே டைரக்டர். இந்த முறை எதிரி, பழங்கால அஸ்டெக் சமாதியிலிருந்து எழுந்து வருகிற ஒரு மம்மி! போதாக்குறைக்கு, வில்லன் பக்கம் ஜூடோ தெரிந்த இரண்டு சகோதரிகள். செட், மேக்கப் எல்லாம் படு சிக்கனம். லாஜிக்... மூச்! ஆனாலும் டப்பிங் செய்து அமெரிக்கா வரை கொண்டுபோய் விற்றார் கோர்டன் மர்ரே என்ற ஃப்ளோரிடா வியாபாரி. பயமுறுத்த எடுத்த படங்களைப் பார்த்து இன்றைக்கும் சிரித்து மகிழ்கிற ரசிகர்கள் உலகம் முழுக்க உண்டு. லொரேனா வெலாஸ்கஸ் 2024ல் காலமானார்.

இதில் வேதனையான வேடிக்கை ஒன்று இருக்கிறது. திரையில் இந்தப் பெண்கள் மம்மியைப் புரட்டி எடுத்த அதே சமயத்தில், தலைநகர் மெக்சிகோ சிட்டியில் நிஜப் பெண்கள் மல்யுத்த மேடை ஏறக்கூடாது என்று தடை! 1950களில் போட்ட உத்தரவு அது. இர்மா கோன்சாலஸ் போன்ற நிஜ வீராங்கனைகள் பிழைப்புக்காக வெளியூர் வெளியூராக அலைந்தார்கள். சினிமாவில் நடிகை சண்டை போட்டால் டிக்கெட் வாங்கலாம். பயிற்சி எடுத்த பெண் நிஜமாகவே மேடையில் நின்றால் பண்பாடு கெட்டுவிடும்! சுமார் முப்பது வருஷம் கழித்து, 1986ல்தான் அந்தத் தடை நீங்கியது.

'அவங்க ஊர்ல அப்படி' என்று நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

நம் சினிமாவும் சண்டைக்காரப் பெண்களைக் கொண்டாடியதுதான். 1935ல் வந்தது 'ஹன்ட்டர்வாலி'. ஆஸ்திரேலியாவில் பிறந்த நாடியா சாட்டையைச் சுழற்ற, பம்பாய் கிறுகிறுத்துப் போனது. இரண்டே வருஷத்தில் தமிழிலும் ஒரு நாடியா வந்துவிட்டார். 1937ல் கே.அமர்நாத் இயக்கிய 'மின்னல் கொடி'யில் கே.டி.ருக்மணி ஆண் உடையில் சண்டை போட்டார். கொட்டகையில் விசில் பறந்தது.

விசில் அடித்த இதே தேசத்தில்தான் ஹமீதா பானு என்று ஒரு நிஜ மல்யுத்த வீராங்கனையும் இருந்தார். ஐந்தடி மூன்று அங்குல உயரம், 108 கிலோ எடை. உத்தரப்பிரதேசக்காரர், அலிகாரில் பயிற்சி. 1954ல் அவர் விட்ட சவால் பத்திரிகைகளில் பரபரப்பானது. 'என்னைக் குஸ்தியில் ஜெயித்துக் காட்டுங்கள். கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன்!'

அந்த வருஷம் மே மாதம் மோத வந்தவர் பாபா பயில்வான். கூட்டம் உட்கார்ந்து சமாளிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. ஒரு நிமிஷம், 34 செகண்ட்! அதே வருஷம் பம்பாயில், 'பெண் கரடி' என்று பட்டம் வாங்கிய ரஷ்ய வீராங்கனை வேரா சிஸ்டிலினும் அவரிடம் தோற்றார். ஹமீதா குடிக்கிற பால் எத்தனை லிட்டர், சாப்பிடுகிற பிரியாணி எத்தனை தட்டு என்று பேப்பர்கள் பட்டியல் போட்டன.

ஆனால், எல்லா இடத்திலும் மாலை விழவில்லை. கோலாப்பூரில் ஓர் ஆணைத் தோற்கடித்தபோது கல் விழுந்தது. போலீஸ் வரவேண்டியதாயிற்று. பூனாவில் நடக்க வேண்டிய போட்டி, உள்ளூர் மல்யுத்த சங்கம் எதிர்த்ததால் ரத்தானது. பம்பாய் மாகாண முதலமைச்சர் மொரார்ஜி தேசாய்க்கே முறையிட்டார் ஹமீதா. 'பெண் என்பதால் நிறுத்தவில்லை. உங்களோடு மோத டம்மி ஆட்களை நிறுத்துகிறார்கள் என்று புகார் வந்தது' என்கிற அர்த்தத்தில் பதில் வந்தது. நிஜமாகவே ஜெயிக்கிறாள் என்று ஒப்புக்கொள்ள அத்தனை கஷ்டம்!

ஐரோப்பா போய் மோத வேண்டும் என்பது அவர் ஆசை. போகவிடாமல் தடுக்க, கூடவே இருந்த பயிற்சியாளரே அடித்துக் கையை உடைத்தார் என்று பிற்பாடு குடும்பத்தார் சொன்னார்கள். குஸ்தி அதோடு போயிற்று. பம்பாயை அடுத்த கல்யாணில் பால் விற்றார். அதுவும் போதாதபோது, தெருவோரத்தில் பலகாரம் விற்றார். மெக்சிகோவில் பெண்கள் மீதான தடை நீங்கிய அதே 1986ல் ஹமீதா இறந்துபோனார். 2024 மே மாதம் கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டபோது, 'யார் இந்தம்மா?' என்று தேடாதவர்கள் குறைவு.

இதெல்லாம் அந்தக் காலம் என்கிறீர்களா? 2016ல் வந்த 'தங்கல்' படத்தில் இரண்டு பெண்கள் குஸ்தி கற்றுக்கொண்டு ஜெயிப்பதைப் பார்த்து தேசமே கண்கலங்கியது. ரியோ ஒலிம்பிக்கில் சாக்ஷி மாலிக் வெண்கலம் வாங்கியதும் அதே வருஷம்தான். 2023ல் அதே சாக்ஷியும் சக வீராங்கனைகளும், மல்யுத்த சம்மேளனத் தலைவர் மீது பாலியல் புகார் சொல்லி டெல்லித் தெருவில் உட்கார்ந்தார்கள். மே 28 அன்று போலீஸ் அவர்களை இழுத்துக்கொண்டு போய் வேனில் ஏற்றியது. டிசம்பரில், இனி மல்யுத்தம் வேண்டாம் என்று நிருபர்கள் முன்னால் அழுதுகொண்டே அறிவித்துவிட்டு, தன் ஷூக்களை மேஜை மேல் வைத்தார் சாக்ஷி.

காளிக்கு எலுமிச்சை மாலை போடுகிறோம். மம்மியை உதைக்கிற நடிகைக்கு டிக்கெட் எடுக்கிறோம். ரத்தமும் சதையுமாக ஒரு பெண் களத்தில் இறங்கினால் மட்டும் நம் கை ஏனோ கல்லைத் தேடுகிறது!