தோலும் மரமும் – 14: சுந்தரானந்தாவின் பலகைகள்

ஆம்பூரில் தோலின் தலையெழுத்து செலக்‌ஷன் மேஜையில்தான் முடிவாகும். வெளிச்சத்தில் விரித்தால் உண்ணி கடித்த தடம், வேலிமுள் கீறிய கோடு, சூடு போட்ட வடு எல்லாம் தெரிந்துவிடும். வடு கூடக்கூடத் தரம் இறங்கும், விலையும் இறங்கும். பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் இதே கணக்குதான். ஷூ வாங்குகிற ஐரோப்பியக் கம்பெனிக்கு மாடு எந்த வேலியில் உரசியது என்ற கதையெல்லாம் தேவையில்லை. மரக்கடையிலும் இதே சட்டம்தான்: கணு, வெடிப்பு, கோணல் ஓரம் இருந்தால் பலகை ஒரு மூலைக்குப் போகும்.

அப்படி மூலைக்குப் போன பலகைகளைக் கொண்டே உலகப் பெயர் எடுத்தவர் ஜார்ஜ் நகாஷிமா. மரச்சாமான் வடிவமைப்பில் அவர் கை பழகத் தொடங்கியது, வேலூரிலிருந்து ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போனால் வருகிற பாண்டிச்சேரியில்.

1905இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். முதலில் காட்டியல் படித்து, பிறகு கட்டடக்கலைக்கு மாறினார். ஊர் சுற்றி, டோக்கியோவில் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தில் சேர்ந்தார். ரேமண்ட் செக் நாட்டில் பிறந்தவர். இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக ஃபிராங்க் லாய்ட் ரைட்டுடன் ஜப்பானுக்கு வந்து அங்கேயே தொழில் தொடங்கியவர். அவருக்கு அரவிந்தர் ஆசிரமத்திலிருந்து ஒரு விடுதி கட்டித்தர அழைப்பு வந்தது. பணம், ஹைதராபாத் நிஜாமின் திவான் அக்பர் ஹைதரி ஏற்பாட்டில் வந்த ஒரு லட்சம் ரூபாய். அதனால்தான் கட்டடத்துக்கு ஹைதராபாத்தின் கோல்கொண்டாவை நினைவூட்டும் கோல்கொண்டே என்ற பெயர்.

1937இல் அந்த வேலையைக் கவனிக்க நகாஷிமா பாண்டிச்சேரிக்கு வந்து சேர்ந்தார். வெயிலும் புழுக்கமும் நமக்குத் தெரிந்ததே. கோல்கொண்டே அதை எதிர்கொண்ட விதம் இன்றைய கண்ணாடிக் கட்டடக்காரர்கள் வரிசையில் நின்று பார்க்கவேண்டியது. கட்டடத்தின் நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. கண்ணாடி ஜன்னலே கிடையாது. சுவர் இருக்கவேண்டிய இடம் முழுக்கத் திருப்பி மூடக்கூடிய அஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பட்டைகள். அறைகளுக்குக் காற்று புகுந்து வரும் தேக்குச் சட்டக் கதவுகள், இழுத்துத் தள்ளுகிற மாதிரி. கூரைக்கு மேல் இன்னொரு கூரை, நடுவே காற்றோட இடைவெளி. தரைக்குக் கடப்பைக் கல். கைப்பிடி, கொண்டிகள் வார்க்க அன்பர்கள் கொடுத்த பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கினார்கள். கூலியாட்களோடு ஆசிரமவாசிகளும் சேர்ந்து வேலை செய்தார்கள். அவசரம் யாருக்கும் இல்லை, 1942இல்தான் முடிந்தது.

நகாஷிமா அதுவரை இருக்கவில்லை. ஆனால் இருந்த காலத்தில் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிச் சீடராகவே சேர்ந்துவிட்டார். அரவிந்தர் அவருக்குச் சூட்டிய பெயர் சுந்தரானந்தா. அந்த அறைகளுக்கான கட்டில், மேஜை, நாற்காலிகளை அவரே வரைந்தார். அலங்காரமில்லாத, ஒருவர் தனியே உட்கார்ந்து படிக்கத் தேவையானது மட்டும். 1939இல் கிளம்பினார்.

பிறகு வந்தது கெட்ட காலம். அமெரிக்கா திரும்பி, மணமுடித்து, சியாட்டிலில் பட்டறை போட்ட நேரத்தில் ஜப்பானோடு போர் மூண்டது. ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை 1942இல் முகாம்களில் அடைத்தது அமெரிக்க அரசு. கைக்குழந்தை மீராவோடு நகாஷிமா குடும்பம் போனது இடாஹோ பாலைநிலத்தின் மினிடோகா முகாமுக்கு. அங்கே கென்டாரோ ஹிகோகாவா என்ற ஜப்பானில் தொழில் பழகிய தச்சர் கிடைத்தார். பட்டம் பெற்ற கட்டடக்கலைஞர் அவருக்கு எடுபிடியாக உட்கார்ந்து உளியையும் இழைப்புளியையும் கற்றுக்கொண்டார். மரம்? முகாம் கட்டியதில் மிஞ்சிய துண்டுகளும் பாலைப் புதர்க்கட்டைகளும்.

1943இல் பழைய முதலாளி ரேமண்ட் பொறுப்பேற்று வெளியே எடுத்து, பென்சில்வேனியாவின் நியூ ஹோப் அருகே தன் பண்ணையில் வேலை கொடுத்தார். கோழி வளர்க்கிற வேலை. அங்கிருந்து மெல்ல ஒரு பட்டறை. நல்ல பலகை வாங்கப் பணமில்லாததால் மரக்கடைகள் கழித்துப் போட்டதை வாங்கினார். பட்டை ஓரத்தை அறுக்காமல் மேஜையின் விளிம்பாகவே விட்டார். வெடித்த இடத்தில் பசையும் தூளும் அடைத்து மறைக்காமல், குறுக்கே பட்டாம்பூச்சி வடிவக் கட்டையைப் பதித்து வெடிப்பு மேலும் ஓடாமல் பிடித்துவைத்தார். பூட்டும் தெரியும், வெடிப்பும் தெரியும்.

இயற்கையைக் காதலித்ததால் இந்தப் பாணி பிறந்தது என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. காதல் இருந்தது, சரி. கூடவே கையில் காசு இல்லாததும், பாண்டிச்சேரியில் சம்பளமில்லாமல் பழகிய பொறுமையும் இருந்தன. காசு வந்த பிறகு பெரிய வால்நட் மரங்களை முழுசாக வாங்கி, எந்தக் கோணத்தில் வாள் இறங்க வேண்டும் என்று தானே நின்று பார்த்தார். ஆனால் கணுவை ஒதுக்கும் பழக்கம் கடைசிவரை வரவில்லை. 1973இல் நெல்சன் ராக்ஃபெல்லர் வீட்டுக்கு 200க்கு மேற்பட்ட சாமான்கள் செய்தார். கழிவுப் பலகைக்காரரிடம் அமெரிக்காவின் பெரும் பணக்காரக் குடும்பம்!

1990இல் அவர் மறைந்தார்; பட்டறையை மகள் மீரா நடத்தினார். உலகக் கண்டங்களுக்கெல்லாம் ஓர் அமைதி மேஜை என்பது நகாஷிமாவின் கடைசிக் கால ஆசை. முதல் மேஜை 1986இல் நியூயார்க் தேவாலயத்துக்குப் போனது. ஆசியாவுக்கானது 1996இல் ஆரோவில்லுக்கு வந்தது.

இதற்கெல்லாம் முன்பே, 1964இல் அவர் மறுபடி இந்தியாவுக்கு வந்தார். இம்முறை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு. அவர் வரைந்த நாற்காலிகளை நம் ஆசாரிகள் செய்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)