காணாத வாளுக்கும் கவசம்

முன்வினை என்றும் குலசாபம் என்றும் கூறி, மூலையில் கிடத்தி, மூச்சடங்குவதற்காகக் காத்திருந்தார்களே, அந்த எலும்புருக்கி நோய் ஒரு கிருமியின் வேலை என்று ராபர்ட் காக் பெர்லின் நகரில் அறிவித்த நாள் 1882 மார்ச் 24. பகைவன் யாரென்று தெரிந்துவிட்டது, படைக்கலம் கிடைத்ததா? அதற்கு மேலும் அறுபது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

1943இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், நிலவறை ஆய்வுக்கூடம் ஒன்றில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் இளைஞர் மண்வாழ் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். 1952இல் நோபல் பரிசோ, அவருடைய ஆசிரியர் வாக்ஸ்மனுக்கு மட்டும் சென்றது. உழைத்தவர் ஒருவர், உச்சியேறியவர் மற்றொருவர் என்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று போலும்!

பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1948இல் வெளியிட்ட ஆய்வில் 55 பேருக்கு அந்த ஊசி. 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு திங்களில் ஓய்வு மட்டும் பெற்றோரில் 14 பேர் மாண்டனர்; ஊசி பெற்றோரில் 4 பேரே. வெற்றி முரசு கொட்டக் கை ஓங்கிய வேளையில்தான், பலரது கிருமி மருந்துக்கு அசைய மறுப்பது தெரிந்தது. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தால், ஊசி பெற்றோரிலும் பாதிக்கு மேற்பட்டோர் உயிருடன் இல்லை!

கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது என்று சொல்கிறோம். அது சரியான சொல் அன்று. கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டு பிறப்பிலேயே மாறுபட்டவை. மருந்து மற்றவற்றை மாய்க்கிறது. மாறுபட்டது மட்டும் எஞ்சிப் பெருகுகிறது. ஆகவேதான் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை பிறந்தது. ஒன்றுக்குத் தப்பியதை மற்றொன்று மடக்கும். ஐசோனியசிட், பாஸ் என்னும் இரு மருந்துகளை உண்ட சென்னை ஏழைகள், நெருக்கடி மிகுந்த தம் வீடுகளிலிருந்தே, நோயில்லத்தில் தங்கியோருக்கு இணையாகத் தேறினர் என்பதை 1959இல் வெளியான சென்னை ஆய்வு உலகுக்குக் காட்டியது. ஏழைக்கு மாளிகை மருத்துவமனை வேண்டியதில்லை, முறையான மருந்து வேண்டும் என்பதல்லவா அதன் பொருள்!

ஆனால், இரண்டு மருந்துகள் என்று நாம் எண்ணுபவை கிருமிக்கு ஒன்றே என்றால்? 1952இல் ஐசோனியசிட் வந்தது. சில ஆண்டுகளில் எத்தியோனமைடு வந்தது. பெயர் வேறு, மாத்திரை வேறு. கிருமியின் மேலுறைக்கு மெழுகு ஆக்கும் ஒரே நொதியைத்தான் இரண்டும் முடக்குகின்றன என்பது 1994இல் தெளிவாயிற்று. அந்த நொதியை மிகுதியாகச் செய்துகொள்ளும் கிருமி, எத்தியோனமைடைக் கண்ணால் காணுமுன்பே அதற்கும் கவசம் பூண்டுவிடுகிறது. இதனையே குறுக்கு எதிர்ப்பு என்கிறோம். எல்லா எதிர்ப்பும் இப்படியன்று. ஐசோனியசிட்டைக் கூர்தீட்டுவது கிருமிக்குள் இருக்கும் இன்னொரு நொதி. அதை இழந்து தப்பிய கிருமியை எத்தியோனமைடு இன்னும் வெட்டும். எந்த வழியில் தப்பிற்று என்று ஆய்வுக்கூடம் சொல்லாதவரை, மருத்துவர் இருட்டில் வாள் வீசுகிறார்.

புதிய மருந்துகளின் கதையும் இதுதான். 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது பெடாகுயிலின். அதனுடன் சேர்த்துத் தரப்படும் குளோஃபசிமினோ பழையது. 1950களில் டப்ளின் நகரில் எலும்புருக்கிக்கென ஆக்கப்பட்டு, பின்னர் தொழுநோய்க்குப் பயன்பட்டது. இவை இரண்டும் ஒரே இடத்தைத் தாக்குபவை அல்ல. ஆயினும், உட்புகுந்த மருந்தை வெளியே இறைத்துக் கொட்டும் ஏற்றம் ஒன்று கிருமியிடம் உண்டு. அதை அடக்கி வைத்திருக்கும் மரபணு பழுதுபட்டால், ஏற்றம் ஓயாது இறைக்கிறது. இரு மருந்துகளும் வெளியேறுகின்றன. 2014இல் வெளியான ஆய்வுகள் இதைக் காட்டின.

பெடாகுயிலினை ஒரு நாளும் உண்ணாதவர் உடலிலும் அதை எதிர்க்கும் கிருமி இருக்கக்கூடும். எதிர்ப்புற்ற கிருமியே பிறர் இருமலிலிருந்து அவரை வந்தடைந்திருக்கவும் கூடும். அவரைப் பார்த்து, "மருந்தை ஒழுங்காக உண்ணாதவன்" என்று ஏசுவோர் இன்றும் உள்ளனர். ரிஃபாம்பிசின் எதிர்ப்பை இரண்டு மணி நேரத்தில் காட்டும் கருவி பல ஊர்களுக்கு வந்துவிட்டது. பெடாகுயிலின் பற்றி அது வாய் திறப்பதில்லை. அந்த விடைக்குக் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும், அல்லது அதன் மரபணுவைப் படிக்க வேண்டும். அதுவரை, விடை தெரியாத மாத்திரையை நாள்தோறும் விழுங்கிக்கொண்டு காத்திருப்பவர் அந்த நோயாளிதான்.