இரண்டாம் பணி: தணிகை மலையும் நடுவயதுத் தேடலும் (1871–1960)

‘நடுவயது நெருக்கடி’ என்ற கருத்தை உளப்பகுப்பாய்வாளர் எலியட் ஜாக்ஸ் 1965-இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். பாதி வாழ்க்கை கழிந்துவிட்டது, இனி இறப்பும் கணக்கில் வரும் என்று ஒருவர் உணரும்போது அதுவரை பிடித்து நின்ற பிடிமானம் தளர்கிறது என்பது அவர் கூற்றின் சாரம். பெயர் புதிது, அனுபவம் பழையது. இல்லறத்தின் முதிர்ந்த பருவத்தில் மக்களோடும் சுற்றத்தோடும் சேர்ந்து சிறந்ததைப் பயில வேண்டும் என்று தொல்காப்பியக் கற்பியல் சொல்கிறது. வடமொழி நூல்கள் அதே பருவத்துக்குக் காட்டைக் காட்டின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தணிகை எனப்படும் திருத்தணியைச் சுற்றி இவை இரண்டிலும் சேராத ஒரு வழி உருவானது. வீட்டையும் உத்தியோகத்தையும் விடாமலே இரண்டாவதாக ஒரு பணியை எடுத்துக்கொள்வது அந்த வழி. அது உருவான விதத்தையும் அதற்கான காரணங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. முன்சீப்பும் ஏடுகளும்

தொடக்கம் நீதிமன்றத்தில். 1871-இல் சிதம்பரம் தீட்சிதர்கள் தொடர்பான வழக்கொன்றில் திருப்புகழ்ப் பாடல் ஒன்று சான்றாகக் காட்டப்பட்டது. அதைக் கண்ட வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளைக்கு அப்போது வயது 25. முருகன்மேல் அருணகிரிநாதர் பாடிய திருப்புகழ்ப் பாடல்கள் பதினாறாயிரம் என்பது மரபு. கைக்குக் கிடைத்தவையோ ஊர் ஊராகச் சிதறிய ஏடுகளிலும், பாடுவோர் நினைவிலும் கிடந்தன. பிள்ளை நீதித்துறையில் மாவட்ட முன்சீப்பாக உயர்ந்தவர். வேலையைப் பார்த்துக்கொண்டே ஏடு தேடினார், படி எடுத்தார், பாடம் ஒப்பிட்டார். முதல் பாகம் 1894 வாக்கில் அச்சேறியபோது அவர் ஐம்பதை நெருங்கிவிட்டார். நடுவயது முழுவதையும் விழுங்கிய வேலை அது. 1909-இல் அவர் மறைந்த பின் அவருடைய புதல்வர்கள் அதைத் தொடர்ந்தனர்.

2. சமையற்காரரும் படிகளும்

இரண்டாம் கட்டம் இதனினும் வியப்பானது. 1870-இல் பிறந்த அர்த்தநாரி மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர். தீராத வயிற்றுவலி அவரை 1908-இல் பழனிக்குக் கொண்டுபோயிற்று. அங்கே நாட்டியப் பெண் ஒருத்தி பாடக் கேட்ட திருப்புகழ் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. முப்பத்தெட்டை ஒட்டிய வயதில், அந்த நூலைப் படிப்பதற்காகவே அவர் எழுத்துக் கற்றார் என்று அவர் வரலாற்றைச் சொல்வோர் கூறுவர். திருவண்ணாமலையில் ரமணரையும் சேஷாத்திரி சுவாமிகளையும் கண்டபின் வள்ளிமலையில் தங்கி, வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் ஆனார்.

அவர் துறவி. ஆனால் அவர் அமைத்த வழிபாடு துறவிகளுக்கானதன்று. அன்று ஜனவரி முதல் நாளில் மாலையும் எலுமிச்சம்பழமுமாகத் துரைமார் பங்களாக்களில் போய் நிற்பது கீழ்நிலை உத்தியோகஸ்தர்களின் வழக்கம். துரைகளுக்கெல்லாம் பெரிய துரையான முருகன் தணிகை மலையில் இருக்கிறான், முதல் வணக்கம் அவனுக்கே என்றார் சுவாமிகள். 1917 முடிந்து 1918 பிறந்த இரவில் திருப்படித் திருவிழா தொடங்கியதாக மரபு. மலைக்கு 365 படிகள், ஆண்டின் நாளுக்கு ஒன்று. ஒவ்வொரு படியிலும் கற்பூரம் ஏற்றுவார்கள், ஒரு திருப்புகழ் பாடுவார்கள், அடுத்த படிக்கு ஏறுவார்கள். மேளம், ஜால்ரா, தொண்டை கட்டிய குரல்கள், நடுவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து எழுகிறவர்கள் என்று கூட்டம் மெல்ல நகரும். கழிந்த ஆண்டை நாள் நாளாக எண்ணிப் பார்க்க இதைவிட எளிய ஏற்பாடு வேண்டியதில்லை. விழாவைத் தொடங்கியபோது சுவாமிகளுக்கு வயது 47.

3. காரணங்கள்

இம்மரபு அக்காலத்தில், அவ்வூரில் வேர்பிடிக்க மூன்று காரணங்களைச் சுட்டலாம். ஒன்று ரயில். அரக்கோணத்துக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடைப்பட்ட நிலையம் என்பதால், சென்னை குமாஸ்தா மாலையில் புறப்பட்டு மலையேறி மறுநாள் திரும்ப முடிந்தது. இரண்டு அச்சு. ஏட்டில் இருந்த பாட்டு புத்தகமானதும், ஓதுவாரோ தாசியோ இல்லாமலே பஜனைக் குழுக்கள் பாடின. மூன்றாவது, அதிகம் பேசப்படாதது, சர்க்கார் உத்தியோகத்தின் ஓய்வு வயதாகிய 55. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தேதியில் வேலை முடிந்தது. அதற்குப் பின் என்ன என்ற கேள்வி நாற்பதிலேயே எழுந்தது.

அக்கேள்விக்கு மிகத் தெளிவான விடை சுப்பிரமணிய பிள்ளையின் மகன் வ. சு. செங்கல்வராய பிள்ளை (1883–1971). திருத்தணி முருகனின் பெயரையே தாங்கி, ‘தணிகைமணி’ என்று அறியப்பட்டவர். பதிவுத்துறையில் பணியாற்றி 1938-இல் ஓய்வு பெற்றார். அருணகிரிநாதர் வரலாறும் நூலாராய்ச்சியும், தேவார ஒளிநெறி, முருகவேள் பன்னிரு திருமுறை உரை ஆகிய அவருடைய பெரும்பணிகள் அதன் பின்னரே வெளிவந்தன. ஓய்வுக்குப்பின் திடீரென்று வந்த உற்சாகமாக இதைக் கொள்ள இயலாது. சொல்லடைவும் ஒப்புமையும் நிறைந்த இவ்வகை நூல்களுக்குப் பல்லாண்டுக் குறிப்புகள் வேண்டும். அவை உத்தியோக காலத்து மாலை நேரங்களில் சேர்ந்தவையாகவே இருக்க முடியும்.

4. பக்தியிலிருந்து எல்லைக்கு

இதே அமைப்பு அரசியலிலும் தெரிகிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு அச்சுக்கோப்பாளரான ம. பொ. சிவஞானம் 1942-இல், 36 வயதில் சிறை சென்றார். வாழ்நாள் முழுதும் வருத்திய வயிற்றுப்புண்ணும், வாழ்நாள் முழுதும் பேசிய சிலப்பதிகாரமும் அவருக்குச் சிறையில் வாய்த்தவை. நோயும் நூலும் சேர்ந்து நடுவயதைத் திருப்பியதில் அவரும் வள்ளிமலை சுவாமிகளும் ஒத்திருக்கிறார்கள். நாற்பதில் தமிழரசுக் கழகம் கண்டார். 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அப்பக்கம் போன திருத்தணிக்காக வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினார். எல்லைச் சிக்கலில் நடுவராக அமர்த்தப்பட்ட படாஸ்கரின் பரிந்துரையை ஒட்டி, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது.

5. வரம்புகள்

இந்த வரலாற்றில் ஒரு குறை உண்டு. சான்றுகள் யாவும் எழுதத் தெரிந்த, பெரும்பாலும் ஓய்வூதியம் உள்ள ஆண்களைப் பற்றியவை. பழனியில் பாடிய பெண்ணின் நடுவயது எப்படிப் போயிற்று என்று எவரும் எழுதி வைக்கவில்லை. ஏடு தேடி ஊர் சுற்றியவர்களின் வீடுகளை நடத்தியவர்களைப் பற்றியும் அப்படியே. திருத்தணிக்கு அருகிலுள்ள பொதட்டூர்ப்பேட்டை நெசவாளிக்கு 55-இல் ஓய்வு கிடையாது. ஆடிக் கிருத்திகையில் அவர் எடுக்கும் பூக்காவடியே அவருடைய தேடலின் ஆவணம். அதை வாசிக்கும் முறையை நம் ஆய்வுகள் இன்னும் கற்கவில்லை.

முடிவுரை

1871 முதல் 1960 வரையிலான இந்த மரபில் மூன்று கூறுகள் மீண்டும் மீண்டும் வருகின்றன: தன்னைவிடப் பெரிய ஒரு நூல் அல்லது ஊர், நாள்தோறும் செய்யத்தக்க சிறிய வேலை, கூடச் செய்ய நாலு பேர். நான் யார் என்ற கேள்வியை இவர்கள் நேரே கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. செய்ய வேண்டிய வேலை எது என்று கேட்டார்கள், அதைச் செய்தார்கள். நடுவயதின் வெறுமையை உளவியல் சொற்களால் மட்டும் அளக்கும் இன்றைய ஆய்வாளர்கள் தணிகையின் இந்தச் சான்றுகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.