வடித்தலும் மீட்டலும்: சிறுநீரகச் செயற்பாடு பற்றிய அறிவின் வரலாறு

சிறுநீரகம் உடலின் வடிகட்டி என்னும் தொடர் நம் அறிவியல் வகுப்புகளில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. உவமை எளிது, மாணவர் மனத்தில் உடனே பதியக்கூடியது. எனினும் அது அவ்வுறுப்பின் பணியில் ஒரு பாதியை மட்டுமே சுட்டுகிறது. மறுபாதி, அறிவியலாரிடையே எண்பது ஆண்டுக்கும் மேலாக நீடித்த வழக்கின் பின்னரே நிலைபெற்றது. அவ்வழக்கின் போக்கை இங்குக் காண முற்படுகிறோம்.

பண்டைய மருத்துவ மரபுகள் பலவும் உறுப்பைவிட நீரையே கூர்ந்து நோக்கின. சித்த மருத்துவத்தின் நீர்க்குறி நிறம், மணம், எடை, நுரை ஆகியவற்றை ஆராய்ந்தது. நெய்க்குறியோ சிறுநீரில் விடப்பட்ட நல்லெண்ணெய்த் துளி பாம்பென நீண்டால் வாதம், மோதிரமெனப் பரந்தால் பித்தம், முத்தென நின்றால் கபம் எனக் கணித்தது. இடைக்கால ஐரோப்பிய மருத்துவரும் கண்ணாடிக் குடுவையில் சிறுநீரை ஏந்தி நோய் கூறினர். அந்நீர் எங்கே, எவ்வாறு உருவாகிறது என்பது வேறொரு வினா.

அவ்வினாவைச் சோதனையால் அணுகியோருள் முதன்மையானவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமில் வாழ்ந்த கேலன். உட்கொண்ட நீர் ஆவியாகிச் சிறுநீர்ப்பையை அடைந்து மீண்டும் நீராகிறது என்று அஸ்கிளிப்பியாடிஸ் கூறியிருந்தார். உயிருள்ள விலங்கொன்றின் சிறுநீர் நாளங்களைக் கேலன் கட்டினார். பை வெறுமையாக இருந்தது. கட்டுக்கு மேற்பட்ட பகுதி வீங்கியது. கட்டை அவிழ்த்ததும் பை நிரம்பியது. இறைச்சி வெட்டுவோர்கூட நாள்தோறும் காணும் நாளத்தை மருத்துவர் மறுப்பதா என்று அவர் ஏளனம் செய்தார். ஆயினும், சிறுநீரகம் நீரைப் பிரிப்பது எப்படி என்ற இடத்தில் அவரும் 'கவரும் ஆற்றல்' என்று ஒரு பெயரைச் சூட்டி நின்றுவிட்டார். பெயரிடுவது விளக்கமாகிவிடாது.

அடுத்த பெரும் நகர்வு பதினேழாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. 1662இல் பத்தொன்பது வயதினரான லொரென்சோ பெல்லினி, திண்ணிய தசையென்று கருதப்பட்ட சிறுநீரகத்துள் நுண்குழல்கள் இருப்பதைக் காட்டினார். 1666இல் மார்செல்லோ மல்பீகி, தமனியுள் கருநிறத் திரவத்தைச் செலுத்தி, கிளையில் ஆப்பிள்கள் தொங்குவதுபோல் குருதிநாளங்களில் நுண்முடிச்சுகள் அமைந்திருப்பதைக் கண்டார். முடிச்சுக்கும் குழலுக்கும் தொடர்பு இருத்தல் வேண்டும் என்று அவர் ஊகித்தார்; ஆனால் அதை மெய்ப்பிக்க இயலவில்லை.

அத்தொடர்பை 1842இல் இலண்டனில் வில்லியம் பௌமன் நிறுவினார். முடிச்சைச் சூழ்ந்த கிண்ணமே நீண்டு நுண்குழலாகிறது என்று அவர் காட்டினார். அமைப்பைச் சரியாகக் கண்ட அவர், செயலைக் குறித்துக் கூறியது முடிச்சு நீரை மட்டும் தருகிறது, குழலின் செல்கள் கழிவுப் பொருள்களைச் சுரக்கின்றன என்பதே. அதே ஆண்டில் ஜெர்மனியின் கார்ல் லுட்விக் நேர்மாறாகக் கூறினார்: குருதியழுத்தத்தால் புரதம் நீங்கலான பெரும்பாலானவை முடிச்சில் வடிகின்றன, குழலில் செல்லும்போது நீர் மீண்டும் குருதிக்குத் திரும்புகிறது. ருடால்ஃப் ஹைடன்ஹைன் இதனை ஏற்கவில்லை. 1874இல் அவர் நீலச் சாயமொன்றைக் குருதியுள் செலுத்தி, அது குழலின் செல்களில் தென்படுவதைக் காட்டினார். மேலும், நாள்தோறும் வெளியேறும் யூரியாவின் அளவைக் கொண்டு கணக்கிட்டால் லுட்விக்கின் கோட்பாட்டின்படி ஏறத்தாழ 70 லிட்டர் நீர் வடிந்தாக வேண்டும். இஃது எங்ஙனம் நம்பத்தக்கது என்றார். அக்காலத்தார்க்கு இவ்வாதம் வலுவாகவே தோன்றியது. இயற்கை இத்துணை வீண்பணி செய்யும் என்று எவர்தாம் எண்ணுவர்!

தமிழில் மேனாட்டு உடலியல் நூல்கள் தோன்றியதும் இக்காலத்திலேயே என்பது குறிப்பிடத்தக்கது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழ்வழியே மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது. உடற்செயலை விளக்கும் 'மனுஷ சுகரணம்' 1880களில் வந்தது. ஐரோப்பாவில் வழக்கு முடியாதிருந்தபோதே தமிழ் மாணவர் இத்துறையைத் தம் மொழியில் பயின்றனர்.

வழக்கைத் தீர்த்தது ஒரு தவளை. 1924இல் பிலடெல்பியாவில் ஜோசப் வேர்னும் ஆல்ஃபிரட் ரிச்சர்ட்ஸும் நுண்ணிய கண்ணாடிக் குழாயால் தவளையின் முடிச்சுக் கிண்ணத்திலிருந்தே நீரை எடுத்தனர். அதில் புரதம் இல்லை. சர்க்கரையும் குளோரைடும் இருந்தன. சிறுநீர்ப்பையின் நீரிலோ அவ்விரண்டும் காணப்படவில்லை. ஆகவே, வடிந்தவை வழியில் மீட்கப்பட்டன என்பது உறுதியாயிற்று. ஹைடன்ஹைனும் முற்றாகத் தோற்றாரல்லர். குழல்கள் சில பொருள்களைச் சுரக்கவும் செய்கின்றன என்பதை மார்ஷலும் விக்கர்ஸும் 1923இல் நாயிடம் காட்டியிருந்தனர்.

இன்று நாம் அறியும் அளவோ ஹைடன்ஹைன் நம்ப மறுத்ததினும் பெரிது. இரு சிறுநீரகங்களிலும் நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவு நீர் வடிகிறது. வெளியேறுவது ஒன்று முதல் இரண்டு லிட்டர். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ உப்பு வடிந்து, அதில் மிகப் பெரும்பகுதி குருதிக்குத் திரும்புகிறது. சிறுநீரகம் ஆற்றலைப் பெரிதும் செலவிடுவது வடித்தலில் அன்று, மீட்டலில்தான். உறுப்புக்கு அது வெளியேற்றும் பொருளால் பெயர் அமைந்தமை நம் கவனத்தை ஒருபுறமாகச் சாய்த்துவிட்டது போலும். குண்டிக்காய் என்ற பழஞ்சொல்லுக்கு அவ்விடர் இல்லை.

மீட்டலை விளக்காத ஆசிரியரால் நீரிழிவை விளக்குதல் அரிது. குருதியில் சர்க்கரை மிகுந்து, நுண்குழல்களின் மீட்கும் திறனைக் கடக்கும்போதே சிறுநீர் இனிக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மைக் காரணம் நீரிழிவே. அந்நோயாளர் நாடும் சிகிச்சையையும் 'இரத்தச் சுத்திகரிப்பு' என்றே அழைக்கிறோம். 1943இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் செலோஃபேன் குழாயைச் சுழலுருளையில் சுற்றி நோயாளிக்குப் பயன்படுத்திய கருவி அதன் முன்னோடி. அக்கருவியும் அதன் வழிவந்தவையும் கழிவையும் மிகைநீரையும் அகற்றும். ஆனால் எவ்வளவு நீரை, எவ்வளவு உப்பை உடலில் நிறுத்துவது என்று நொடிதோறும் கணிக்கும் நுண்குழல்களின் பணியை அவை செய்வதில்லை. அதனாலேயே சிகிச்சைக்குச் சென்று வரும் நம் உறவினர் தண்ணீரைக் குவளையால் அளந்து குடிக்கின்றனர்.