காளான் அல்லாத காளான்

இடவப்பாதி மழை ஓய்ந்தபின், நாஞ்சில் நாட்டுத் தோட்டங்களில் மக்கிக் கிடக்கும் தென்னந்தடியையோ வைக்கோற் குவியலையோ உற்று நோக்குங்கள். மஞ்சள் நிறக் கூழ் ஒன்று படர்ந்திருக்கக் காணலாம். மறுநாள் அது சற்றே நகர்ந்திருக்கும். பின்னர் உலர்ந்து, தூள் நிறைந்த அடையாகிவிடும். இதனைச் சளிப்பூசணம் என்பர்.

பூசணம் என்ற பெயர் வந்த வரலாறு சுவையானது. இவ்வினத்தில் ஒன்று, மரக்கட்டையில் பட்டாணியளவு உருண்டைகளாகத் தோன்றுவது. 1753இல் லின்னேயஸ் அதனைத் தூள் நிறைந்த பந்துக் காளான்களோடு சேர்த்துவிட்டார். அக்காலத்தார் உலர்த்திப் பெட்டியில் வைக்கக் கூடியது இறுதி நிலையான அவ்வுருண்டையே அன்றோ! ஊர்ந்து திரியும் கூழைப் பெட்டியில் வைப்பது எங்ஙனம்?

ஜெர்மானிய அறிஞர் டி பாரி வேறு வழியை மேற்கொண்டார். அத்தூளை நீரிலிட்டுக் காத்திருந்தார். காளானின் வித்தாயின் நூலிழை முளைத்திருக்க வேண்டும். முளைத்ததோ இழையன்று, அமீபாவைப் போன்று ஊரும் நுண்ணுயிர்! அவ்வுயிர்கள் இவ்விரண்டாய்க் கூடி, செல்சுவர் இன்றியே உட்கரு மட்டும் பன்முறை பிளந்து, ஆயிரக்கணக்கான உட்கருக்களைக் கொண்ட ஒரே கூழாக வளர்கின்றன என்பதை இன்று அறிவோம். காளான் தன் சாற்றை வெளியே சுரந்து, கரைந்த உணவை உறிஞ்சும். இக்கூழோ பாக்டீரியாக்களை அப்படியே விழுங்கும். 1859இல் டி பாரி இவற்றைப் பூசண விலங்குகள் எனப் பொருள்படும் ‘மைசெட்டோசோவா’ என்னும் பெயரால் அழைத்தார்.

எனினும் தாவர நூலார் இவற்றை விட்டுவிடவில்லை. அதனால் நன்மையே விளைந்தது என்பேன். இலண்டனில் திராட்சைமது வணிகராயிருந்த ஆர்தர் லிஸ்டர் 1894இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அவர் மகள் குலியெல்மா அதனை 1911இலும் 1925இலும் திருத்தி விரிவாக்கினார். நம் நாட்டில், 1950களில், சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த அக்னிஹோத்ருடு தென்னிந்தியச் சளிப்பூசணங்களைத் திரட்டி, தொடர் கட்டுரைகளாக வெளியிட்டார். தாவரவியலார் கைவிட்டிருந்தால் அவற்றை யார் தேடியிருப்பர்?

1969இல் விட்டேக்கர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பகுத்தபோதும் சளிப்பூசணத்தைப் பூசண உலகிலேயே அமர்த்தினார். பின்னர் மரபணுக்களை ஒப்பிட்டவர்கள், டி பாரி கண்டதே சரியென்று கண்டு, அமீபாக்களின் பெருங்குழுவில் இவற்றைச் சேர்த்தனர். ஆயினும் புதிய இனமொன்று அகப்பட்டால், அதற்குப் பெயரிடும் விதிகள் இன்றும் பாசி, பூசணம், தாவரம் ஆகியவற்றுக்குரிய விதிகளே.